பதினோராவது அடுக்கு

மதுக்கரைக்கு மேற்கே, ஆனி முடியும் வாரம்.
கணவாய்க் காற்று ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்குகிறது.
உள்ளே, காற்றே இல்லாத எஃகுக் குடுவையில்
வெள்ளி ஆவியாகிறது.

இருபது நானோமீட்டர் வெள்ளி.
அதன்மேல் இருபது அலுமினா.
மறுபடி வெள்ளி. மறுபடி அலுமினா.
பதினாறும் சேர்ந்தாலும்
சிவப்பு லேசரின் ஓர் அலையில் பாதிதான் உயரம்.

மெலிந்த வெள்ளி அடங்காது.
எண்ணெய்க் கல்லில் தெளித்த தண்ணீராய்
முத்து முத்தாய் ஓடித் திரளும்.
அதனால் ஒவ்வொரு முறையும் முதலில்
ஜெர்மானியம், ஒரே ஒரு நானோமீட்டர்:
ஒட்டிக்கொள்ள ஒரு சாக்கு.

பதினோராவது அடுக்கு ஒன்பதைத் தொட்டபோது
கரண்ட் போனது.

"போச்சுங்க மேடம்" என்றார் அர்த்தநாரி.
அதற்குள் அவர் கை வால்வைத் திருகி முடித்திருந்தது.
திருச்செங்கோட்டுக்காரர்.
பம்பின் சத்தத்திலேயே அழுத்தம் சொல்லுகிறவர்.
ஜெனரேட்டர் பிடிக்க நாலு நிமிஷம்.
மீதிப் பதினொன்றை
அந்த ஒன்பதின் மேலேயே ஏற்றினோம்.
நோட்டில் எழுதினேன்: அடுக்கு 11, தழும்பு உண்டு.

மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு.
ஐந்து மணி வரை லேசர் கிடையாது.
அர்த்தநாரி பைக்குக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.
"இதப் போட்டுட்டுத் தலயச் சாய்ச்சா
போன் கறுத்துப் போகுதுங்க. அந்த வெளிச்சந்தானுங்களே?"
அந்த வெளிச்சம்தான்.
மாதிரியை மேசைமேல் வைத்துச் சாய்வாகப் பார்த்தார்.
மினுக்கம் கொஞ்சம் மங்கியது.
கண்ணாடியைக் குறுக்கே திருப்பினார்; திரும்பி வந்தது.
"வேல செய்யுதுங்க!"

இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. சொன்னேன்.
கழுவிவிட்ட தரையும் இதைச் செய்யும்.
பிஏபி வாய்க்கால் தண்ணீரும் செய்யும்.
அவர் போய் வாஷ்பேசின் ஓரத்து ஈரத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.
"ஆமாங்க."

நேரம் கிடந்தது. அவரே கேட்டார்:
"வெள்ளியுங் கண்ணாடியும் இத்தன தடவ மாத்தி மாத்தி வெச்சா
வெளிச்சம் எதயின்னுங்க நம்பும்?"

இரண்டு வருஷமாக நான் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரைக்கு
இவ்வளவு நல்ல முதல் வரி இல்லை.

அலைக்கு அடுக்குகளை எண்ணத் தெரியாது;
அத்தனை பெரிய காலடி.
அடுக்கோடு அடுக்காய்ப் படுத்து ஆடி வந்தால்
எலெக்ட்ரான்கள் வெள்ளியின் நீளத்துக்கும் ஓடும்.
எல்லாம் உலோகம் என்று நம்பித் திரும்பிவிடும்.
அடுக்கைக் குத்தி ஆடும் அலைக்கோ
எலெக்ட்ரான் இருபதே நானோமீட்டரில் சுவரில் முட்டும்.
ஓட இடமில்லாத உலோகம் உலோகமில்லை.
அந்த ஒளி உள்ளே போகும்.
போனபின், போகவேண்டிய பக்கம் போகாமல்
வந்த பக்கமே மடங்கும்.

"ரெண்டும் ஒரே ஒடம்புல" என்றார்.
அந்தப் பேரை வைத்துக்கொண்டு அவர் சிரிக்கவில்லை.
நான்தான் சிரித்தேன்.

ஐந்தே காலுக்கு லேசர் சூடேறியது.
கற்றையில் பாதியை மறைக்க ஒரு சவரப் பிளேடு,
பஸ் ஸ்டாப் சலூனில் இரண்டு ரூபாய்.
படுத்தாடும் ஒளி: டிடெக்டரில் ஏறக்குறைய இருட்டு.
தகட்டைத் திருப்பினேன்.
வெறும் கண்ணாடிக்குக் கூடுகிற எண்
குறைந்தது.
ஒரு தலைமுடியை ஐந்நூறாய்ப் பிளந்தால் ஒரு பங்கு,
அவ்வளவு தூரம் தப்பான பக்கம் நகர்ந்திருந்தது சிவப்பு.

கணக்கு சொன்னதில் முக்கால்தான்.
மீதிக் கால் தழும்பில் போனதா,
என் கணக்கில் போனதா, தெரியவில்லை.

வெளியே மலை முழுக்கச் சுவராய் நிற்க
அந்த ஒரு சந்தில் மட்டும்
காற்று விடாமல் வந்துகொண்டிருந்தது.
குடுவையைத் துடைத்தபடி அர்த்தநாரி கேட்டார்,
"மொதல்லருந்துங்களா?"

வெள்ளிக் கம்பி இன்னும் நாலு கிராம் இருக்கிறது.